மாதுங்கா சபையில் ஒரு திருவுருவப் படம்

கடையம் சங்கரலிங்கம் பிள்ளை சென்னையில் காலமானார் என்ற செய்தி வந்த அன்று அனந்தநாராயணன் அழுதான். அதே செய்தியைக் கேட்டுப் பம்பாய், மாதுங்கா தென்னிந்திய நற்கலை அபிவிருத்தி சபை செயற்குழுவைக் கூட்டியது. அழுததோடு அவன் வீட்டிலேயே இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

சங்கரலிங்கம் யார் என்று கேட்பவர்களும் இருக்கலாம். நாடகக் கம்பெனிகளில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, பேசும்படம் வந்ததும் அதற்குப் போனவர். கதாநாயகனாக ஒரு தடவைகூட நடித்ததில்லை. தகப்பனார், ரிஷி, குலகுரு, மகனைப் பறிகொடுத்த ராஜா என்று தாடி வைத்த பாத்திரம் எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மகனைக் கோபித்துக்கொள்வதற்கு முன்னால் லேசாகத் தொண்டையைக் கனைப்பார். கொட்டகையே அடங்கிவிடும்.

அனந்தநாராயணனுக்குத் தன் தகப்பனார் முகம் தெரியாது. இவன் தொட்டிலில் கிடந்தபோதே அவர் போய்விட்டார். கொட்டகை இருட்டில் அந்தக் கனைப்பைக் கேட்கும்போதெல்லாம் தன்னைத்தான் யாரோ கண்டிக்கப் போகிறார்கள் என்று அவனுக்குச் சுகமாக இருக்கும். ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த அவனைக் கண்டிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் யாரும் கடைசி ரீலில் கட்டிக்கொண்டு அழுவதில்லை. சங்கரலிங்கம் அழுவார். அவர் இனிமேல் அழமாட்டார் என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

சபை, கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்தெருவில் ஒரு காப்பிக்கொட்டை மண்டிக்கு மேலே இருந்தது. கலைகளை அபிவிருத்தி செய்யத்தான் அதை ஆரம்பித்தார்கள். அங்கே நிஜமாக அபிவிருத்தியானது கூட்டம் போடும் கலை. அதிலும் அனுதாபக் கூட்டத்தில் அவர்களை அடித்துக்கொள்ள பம்பாயில் ஆள் கிடையாது. உயிரோடு இருப்பவரைப் பாராட்டினால் இன்னொருவருக்கு மனஸ்தாபம் வரும். செத்தவர் விஷயத்தில் எல்லோருக்கும் பெருந்தன்மை வந்துவிடும். சினிமாப் படம் இத்தனை அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு வைத்திருந்த யுத்த காலம் அது. கூட்டம் இத்தனை நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று சொல்ல சர்க்காருக்குத் தோன்றவில்லை.

அனந்தநாராயணன் அங்கே போனது ஒரு சின்ன விண்ணப்பத்தோடு. கூட்டத்தில் தானும் இரண்டு வார்த்தை பேச வேண்டும், அந்தக் கனைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். செயற்குழு அப்போது பெரிய சங்கடத்தில் இருந்தது.

"படத் திறப்பு இல்லாம அனுதாபக் கூட்டமா? திரை தைச்சாச்சு ஓய்! படம்தான் இல்லை" என்றார் செயலாளர் வேங்கடசுப்ரமணியன். திரை, யுத்த இருட்டடிப்புக்கு ஜன்னல்களை மறைக்க வாங்கி மிஞ்சிய கறுப்புத் துணி. நன்றாகத்தான் தைத்திருந்தார்கள்.

சென்னைக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். தாடி இல்லாமல் சங்கரலிங்கத்தைத் தாங்கள் படமெடுத்ததே இல்லை என்று சினிமாக் கம்பெனி பதில் எழுதிவிட்டது. தாடியோடு மாட்டலாமே என்று யாரோ சொன்னதற்குத் தலைவர் ஜகந்நாதன் கையை உயர்த்தினார். அவர் ரயில்வே ஆடிட் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், ராவ் சாஹிப் பட்டம் வாங்கியவர். படம் திறப்பதென்றால் சபையில் அவர்தான்.

"தாடி வெச்சவாளை மாட்டினா இது சபையா, பண்டார மடமான்னு கேப்பா. என் கையால திறக்கணும்னா முகம் தெரியணும்."

செயலாளரின் பார்வை வாசற்படியில் நின்ற அனந்தநாராயணன்மேல் விழுந்தது. அப்படியே நின்றது.

"ஓய், கொஞ்சம் பக்கவாட்டில திரும்பும்."

திரும்பினான்.

"மூக்கைப் பாருங்கோ! அந்த நெத்தி! தாடி ஒண்ணைத் தவிர மீதி எல்லாம் இவர்கிட்ட இருக்கு. தாடிதான் நமக்கு வேண்டாமே!"

அனந்தநாராயணனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும், "நான் ரெண்டு வார்த்தை பேசலாம்னு..." என்று இழுத்தான்.

"பேசறதுக்கு எத்தனையோ பேர் இருக்கா. மூக்குக்கு யார் இருக்கா? ஒரே ஒரு சாயங்காலம். கூட்டம் முடிஞ்சதும் படம் உம்மாத்துக்கு வந்துடும். சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு! பெரியவருக்கு நீர் பண்ற கைங்கரியம்னு நெனைச்சுக்கும்."

பெரியவருக்கு என்று சொன்னதும் அவன் மனம் இளகிவிட்டது. மறுநாள் தாதரில் ஒரு ஸ்டூடியோவில் தலைவரின் கோட்டையும் செயலாளரின் ஜரிகை அங்கவஸ்திரத்தையும் போட்டு அவனை உட்காரவைத்தார்கள். "கொஞ்சம் துக்கமா இருங்கோ" என்றார் செயலாளர். அவன் சங்கரலிங்கத்தை நினைத்துக்கொண்டான். வேறு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. படம் பிரமாதமாக வந்தது.

கூட்டத்தன்று ஹால் நிறைந்திருந்தது. நடுவில் யாரும் காப்பி சாப்பிட நழுவாதபடி சபை வழக்கப்படி கதவைத் தாழிட்டார்கள். தலைவர் கயிற்றை இழுத்தார். கறுப்புத் திரை விலகியது. ஆளுயர ரோஜா மாலைக்குள்ளிருந்து அனந்தநாராயணன் எல்லோரையும் துக்கத்தோடு பார்த்தான்.

ஹால் முழுவதும் உச்சுக் கொட்டியது. "தாடி இல்லாம என்ன களையா இருக்கார் பாரு! பாவி மனுஷன், இந்த முகத்தையா மறைச்சு வெச்சிருந்தார்?" என்று ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அனந்தநாராயணனைப் பக்கத்தில் இருந்தவர் உற்றுப் பார்த்துவிட்டு, "உறவா?" என்று தணிந்த குரலில் கேட்டார். அவன் தலையை எப்படி ஆட்டினானோ, அவர் அவன் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு விட்டார்.

தலைவர் பேசினார்.

"நான் இதுவரை ஒரு சினிமாவும் பார்த்ததில்லை. ஆகையால் காலஞ்சென்ற சங்கரலிங்கம் பிள்ளையைப் பற்றிப் பாரபட்சமில்லாமல் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர் இந்தச் சபையில் யாரும் இல்லை. அவர் பல தடவை ரயிலில் பிரயாணம் செய்திருக்கிறார் என்று சொல்கிறார்கள். நான் ரயில்வேயில் இருந்தவன். அந்த வகையில் எங்களுக்குள் நீண்டகாலத் தொடர்பு உண்டு." அதற்கப்புறம் தொடர்பின் ரயில்வேப் பக்கத்தை மட்டும் வெகுநேரம் விவரித்தார்.

செயலாளர் எழுந்தார். "இந்த வருஷம் நம் சபை இழந்த மேதைகளின் தொகை சென்ற வருஷத்தைவிட அதிகம் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். பக்கத்துப் பேட்டையில் ஒரு சங்கம் இருக்கிறது, பெயர் சொல்ல விரும்பவில்லை. அங்கே இந்த வருஷம் ஒருவருக்குக்கூடப் படம் திறக்கவில்லை. நம் அங்கத்தினர்களின் ஒத்துழைப்பு இதேபோல் தொடர்ந்தால் நாம் இன்னும் பலரை இழக்கலாம்."

பலத்த கரகோஷம். அந்தக் கரகோஷத்தில் தலைவருக்கு உணர்ச்சி பொங்கி, மறுபடியும் எழுந்து, இந்தத் திருவுருவப் படம் இந்த ஹாலில் என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் என்று அறிவித்துவிட்டார். சங்கரலிங்கத்தின் எந்தப் படத்தைப் பற்றியும் அன்று யாரும் பேசவில்லை. அனந்தநாராயணன் கதவு எப்போது திறக்கும் என்று காத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மாதர் பஜனைக்கு அவன் மனைவி அம்மிணி அதே ஹாலுக்குப் போனாள். சங்கரலிங்கத்துக்குப் படம் திறந்த சங்கதி அவளுக்குத் தெரியும். எந்த முகத்தைத் திறந்தார்கள் என்பதை அவன் சொல்லியிருக்கவில்லை. சட்டம் போட்டு வீட்டுக்கு வந்ததும் காட்டி அவளை அசத்தலாம் என்று வைத்திருந்தான்.

போன சுருக்கில் அவள் திரும்பி வந்தாள். கைக்குழந்தையை அவன் மடியில் போட்டாள். அவன் முகத்தையும் தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.

"கண்ணாடிக்கு மேல நெத்தியில சந்தனம், குங்குமம்! மாலை! பக்கத்தில விளக்கு! எல்லாரும் நமஸ்காரம் பண்ணிண்டு போறா. குழந்தையை அள்ளிண்டு ஓடி வந்துட்டேன். எந்தப் பொண்டாட்டியாவது பார்க்கற காட்சியாக்கும் இது?"

"ஒரு சாயங்காலத்துக்குன்னு சொன்னா, அம்மிணி. சங்கரலிங்கம் பிள்ளைக்காக..."

"அவர் பெரியவர், போய்ச் சேந்துட்டார். நீங்கோ இருக்கேளோன்னோ? இருக்கறவாளுக்கு மாலை போட்டு விளக்கேத்துவாளா? கார்த்தால நெத்திக்கு இட்டுக்கப் போனா அந்த மாலைதானே கண்ணுல நிக்கும்? அந்தப் படத்தைக் கழட்டி எடுத்துண்டு வாங்கோ. இல்லேன்னா நான் குழந்தையைத் தூக்கிண்டு கல்பாத்திக்கு, எங்கம்மா ஆத்துக்குப் போறேன். அதைச் சுவத்தில வெச்சுண்டு இந்த ஊர்ல என்னால ஒரு நாள் இருக்க முடியாது."

அம்மிணி வெறும் பேச்சுக்காகச் சொல்கிறவள் இல்லை. அவன் அன்றைக்கே செயலாளரிடம் ஓடினான்.

"உம்மை செத்துப்போனவர்னு யார் ஓய் சொன்னா?" என்றார் வேங்கடசுப்ரமணியன், மிகவும் அன்பாக. "செத்துப்போனவர் மாதிரி இருக்கீர்னுதானே சொன்னோம்?"

"சரி. படத்தைக் கொடுத்துடுங்கோ."

"அங்கதான் சிக்கல். நம்ம விதிகள்ல படத்தைத் திறக்கறதுக்கு வழி இருக்கு. கழட்டறதுக்கு வழியே இல்லை. இதுவரைக்கும் மாட்டின யாரும் வந்து கேட்டதில்லை பாரும்."

தலைவர் வீட்டுக்குப் போனான். ராவ் சாஹிப் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். "நான் திறந்ததை நானே மூடினா நான் திறந்ததுக்கு என்ன மதிப்பு? அது கிடக்கட்டும், உமக்கு என்ன கஷ்டம்? மேலே மாட்டணும்னு எத்தனை பேர் தவம் கெடக்கறா தெரியுமா? நானே காத்துண்டிருக்கேன். நேக்கு அதுக்கு இன்னும் யோக்கியதை வரலை."

இதற்குள் ஊரும் தன் பங்குக்கு ஆரம்பித்திருந்தது. சங்கரலிங்கத்துக்கு உறவு என்று எண்ணி, மார்க்கெட்டில் தெரிந்தவர்கள் அவனைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒருவர் திதி என்றைக்கு என்று கேட்டார். நடந்தது இன்னதென்று அவன் விளக்க ஆரம்பித்தால், துக்கத்தில் ஏதோ பேசுகிறான் என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சங்கரலிங்கத்தின் அசல் படம் கிடைத்தால் தன் படம் தானாக இறங்கிவிடும் என்று அவன் கணக்குப் போட்டான். நியாயமான கணக்குத்தான். சங்கரலிங்கத்தின் உறவுக்காரி ஒருத்தி தாராவியில் இருப்பதாக ஆபீஸ் பியூன் சொன்னதை வைத்துக்கொண்டு அங்கே நடந்தான். தோல் கிடங்குகளுக்கு நடுவே ஒரு சந்தில் முப்பிடாதியம்மாள் இட்லிக்கடை வைத்திருந்தாள். சங்கரலிங்கத்தின் சித்தப்பா மகள். கடைச் சுவரில் ஒரு போட்டோ தொங்கியது. கை வைத்த பனியனோடு ஒருவர் மர ஸ்டூலில் உட்கார்ந்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாடகத்துக்குப் பம்பாய் வந்தப்பல்லாம் அண்ணாச்சி இங்கதான் சாப்பிட வருவாவ. அப்போ புடிச்ச படம் அது" என்றாள். "தாடியா? அது ஒட்டுத்தாடிலா! எந்நேரமும் சிரிச்சிக்கிட்டேதான் இருப்பாவ. சினிமாவுலதான் அழச் சொல்லி அழ வச்சிட்டானுவ."

அனந்தநாராயணன் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தான். நெற்றி ஒத்துப்போகவில்லை. மூக்குகூட ஒத்துப்போகவில்லை. ஆனால் இத்தனை நாள் தாடிக்குள்ளே இருந்தவர் இப்படிச் சிரிக்கிற மனிதர் என்று தெரிந்ததில் அவனுக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். கண் நிறைந்துவிட்டது.

"நீங்க எதுக்கு அழுவுதிய? சொந்தக்காரி நானே அழுது முடிச்சிட்டேன்" என்றாள் அவள்.

"சபையில மாட்டறதுக்கு இந்தப் படத்தைக் கொடுப்பேளா, அம்மா?"

"பெரிய மனுசமாரு சபையிலயா? எங்க அண்ணாச்சியவா?" அவள் முந்தானையால் கண்ணாடியை அழுத்தித் துடைத்தாள். "கொண்டு போங்கய்யா. அங்கனயே இருக்கட்டும்."

செயற்குழு அந்தப் படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது.

"சிரிக்கிறாரே" என்றார் தலைவர்.

"அதான் நானும் பார்த்தேன்" என்றார் செயலாளர். "அனுதாபக் கூட்டத்தில செத்தவர் சிரிச்சிண்டிருந்தா, நம்மளைப் பார்த்துச் சிரிக்கற மாதிரின்னா இருக்கும்? போறாததுக்கு பனியன் வேற."

"இவர்தான் சங்கரலிங்கம்" என்றான் அனந்தநாராயணன்.

"இருக்கலாம். ஆனா சங்கரலிங்கம் மாதிரி இல்லையே! ஜனங்க உம்மைப் பார்த்துன்னா ஓய் அழுதா? அந்தக் கண்ணீருக்கு என்ன பதில் சொல்றது? இவரை மாட்டினா, இது யார்னு கேப்பா."

படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது முப்பிடாதியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். வாங்கிப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். அவமானத்தில் அவனுக்குத் தலை நிமிரவில்லை. கொடுத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வந்தான்.

வீட்டில் டிரங்குப் பெட்டி கட்டியாகிவிட்டது. அம்மிணியின் அண்ணா வந்து, ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் மெயிலில் தங்கையை அழைத்துப் போவதாக இருந்தார். அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சபை ஒரு விசேஷக் கூட்டம் போட்டிருந்தது. அனந்தநாராயணன் வந்தவர் போனவர் காலிலெல்லாம் விழுந்து, தன் விஷயத்தை அதில் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொள்ள வைத்திருந்தான்.

அம்மிணி கடைசியாக ஒரு வழி சொன்னாள். "ஸ்டேஷனுக்குப் போற வழியில சபை வாசல்ல வண்டியை நிறுத்தச் சொல்றேன். நீங்கோ படத்தோட இறங்கி வந்தேள்னா பெட்டியை இறக்கிடறேன். நேக்கு மட்டும் போகணும்னு ஆசையா?" அவளுக்கு அவனைவிட்டுப் போக மனமே இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அவளைப் போகவிட அவனுக்கும் மனமில்லை.

கூட்டத்தில் அவனை மேடையிலேயே உட்காரவைத்தார்கள், தலைவருக்கும் செயலாளருக்கும் நடுவில். இது நல்ல அறிகுறி என்று நினைத்தான். தலைக்கு மேலே அவன் படம் புது மாலையோடு இருந்தது. ஜன்னல் வழியாகக் கீழே தெரு தெரிந்தது. விக்டோரியா குதிரை வண்டி ஒன்று வந்து நின்றது. பின்னால் டிரங்குப் பெட்டி. அம்மிணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி, மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

செயலாளர் ஆரம்பித்தார். "நம் அங்கத்தினர் அனந்தநாராயணன் ஒரு குறை சொல்லியிருக்கிறார். படம் ஒருவருடையது, கீழே போட்டிருக்கும் பெயர் இன்னொருவருடையது என்கிறார். விசாரித்ததில் அது உண்மை என்று தெரிகிறது. சத்தியத்துக்கு விரோதமான எதையும் இந்தச் சபை தன் சுவரில் வைத்திருக்காது."

அனந்தநாராயணன் பாதி எழுந்துவிட்டான். படத்தைக் கழற்ற ஸ்டூல் எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்த்து வைத்துக்கொண்டான்.

"ஆகையால், பிழை எங்கே இருக்கிறது என்று செயற்குழு ஆழ்ந்து ஆலோசித்தது. படம் தலைவர் திருக்கரத்தால் திறக்கப்பட்டது, அதில் பிழை இருக்க முடியாது. எனவே பெயரை மாற்றியிருக்கிறோம்."

அவர் ஒரு புதுப் பித்தளைத் தகட்டை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். 'காலஞ்சென்ற அனந்தநாராயணன் அவர்கள் நினைவாக' என்று பொறித்திருந்தது. அடியில் ஒரு கோடு காலியாக இருந்தது.

"காலமான தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கு" என்று குனிந்து அவன் காதில் சொன்னார். "அவசரம் ஒண்ணும் இல்லை ஓய்."

பலத்த கரகோஷம். அனந்தநாராயணன் என்னவோ சொன்னான். கரகோஷத்தில் அவனுக்கே அது கேட்கவில்லை.

தலைவர் எழுந்தார். "அன்றைக்கு நான் கொஞ்சம் விரிவாகப் பேசிவிட்டபடியால் மௌன அஞ்சலிக்கு நேரமில்லாமல் போய்விட்டது. இந்தப் படத்துக்கு அந்தக் குறையும் இருக்க வேண்டாம். எல்லோரும் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஹால் முழுவதும் எழுந்து நின்றது. இரண்டு பக்கத்திலும் பெரியவர்கள் தலை குனிந்து நின்றதால் அனந்தநாராயணனும் நின்றான். நகர்ந்தால் ராவ் சாஹிப்பின் மேல் இடிக்க வேண்டும். ஒரு சத்தம் இல்லை.

கீழே அம்மிணி காத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல்களில் எல்லோரும் தலை குனிந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் மண்டிக் காவல்காரனிடம் ஏதோ கேட்டாள். கூட்டம் ஆரம்பித்தபின் சபைப் பலகையில் எழுதிய 'காலஞ்சென்ற அனந்தநாராயணன் நினைவுக் கூட்டம்' என்பதை அவன் படித்துச் சொல்ல, "கோன்? யாரு?" என்று அவள் மறுபடி கேட்டது மேலே கேட்டது. அவன் மறுபடியும் சொன்னான்.

"ஏன்னா!" என்று தெருவே அதிரும்படி ஓர் அலறல் எழுந்தது. "ஏன்னா! இருக்கேளா?"

"இருக்கேன்டீ! அம்மிணி, இருக்கேன்!" என்று அனந்தநாராயணன் தொண்டை கிழியக் கத்தினான்.

ராவ் சாஹிப் ஜகந்நாதன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"மௌனம் கலைஞ்சுடுத்து" என்றார். "மறுபடியும் முதல்லேர்ந்து."